பிரித்தானிய இளையோர் இசைத் துணைப்பண்பாடுகள் (1950–1980): தனித்தன்மையும் ஒத்துப்போதலும்

இளையோர் இசைத் துணைப்பண்பாடு என்பது, குறிப்பிட்ட ஓர் இசை வகையை மையமாகக் கொண்டு, உடை, முடியலங்காரம், பேச்சு, கூடுமிடம் ஆகியவற்றால் தங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் பதின்ம வயதினரின் குழு வாழ்க்கையைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரித்தானியாவில் இத்தகைய குழுக்கள் அடுத்தடுத்துத் தோன்றின. டெடி பாய்கள், மோட்கள், ராக்கர்கள், ஸ்கின்ஹெட்கள், பங்க் இளைஞர்கள் ஆகியோர் அவர்களுள் முக்கியமானவர்கள்.

இக்குழுக்களைப் பற்றித் தொடக்கம் முதலே ஒரு கேள்வி எழுப்பப்பட்டு வந்துள்ளது. பெற்றோரைப் போலவும் ஆசிரியரைப் போலவும் வாழ மறுத்துப் புறப்பட்ட இளைஞர்கள், தங்களுக்குள் ஒருவரைப் போல மற்றவர் உடுத்தினர். ஒரே இசையைக் கேட்டனர். ஒரே இடத்தில் கூடினர். அப்படியானால் அவர்கள் பெற்றது தனித்தன்மையா, அல்லது பள்ளிச் சீருடைக்குப் பதிலாக இன்னொரு சீருடையா? ஏறத்தாழ முப்பது ஆண்டுக் கால பிரித்தானிய வரலாறு இக்கேள்விக்குத் தெளிவான சில பாடங்களைத் தருகிறது.

சமூகப் பின்னணி

போர் 1945இல் முடிந்தபோதும் பிரித்தானியாவில் தட்டுப்பாடு நீங்கவில்லை. துணிக்கான பங்கீட்டு முறை 1949 வரையிலும், உணவுப் பங்கீடு 1954 வரையிலும் நீடித்தன. பள்ளியை விட்டு விலகும் வயது 1947இல் 15 ஆக உயர்த்தப்பட்டது. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் 15 வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் வேலைக்குச் சேர்ந்தனர். 18 வயதானதும் ஆண்களுக்குக் கட்டாய இராணுவப் பணி காத்திருந்தது.

1950களின் நடுவில் வேலைவாய்ப்பு பெருகி, இளைஞர் கையில் முதன்முறையாகச் செலவுக்குப் பணம் மிஞ்சியது. சந்தை ஆய்வாளர் மார்க் ஏப்ரம்ஸ் 1959இல் வெளியிட்ட அறிக்கை, மணமாகாத இளையோரின் மெய்யான வருமானம் 1938ஐக் காட்டிலும் சுமார் 50 விழுக்காடு உயர்ந்திருப்பதாக மதிப்பிட்டது. அப்பணம் இசைத்தட்டு, உடை, திரைப்படம், காப்பிக் கடை ஆகியவற்றுக்குச் சென்றது. கட்டாய இராணுவப் பணிக்கு ஆள் எடுப்பது 1960இல் நின்றது. பள்ளி வாழ்க்கைக்கும் திருமணத்துக்கும் இடையே, பணமும் ஓய்வும் கொண்ட சில ஆண்டுகள் உருவாயின. துணைப்பண்பாடுகள் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான். வணிகர்களும் அதே இடைவெளியைக் கண்டுகொண்டனர். எனவே இளைஞரின் தேடலும் வணிகரின் சந்தையும் ஒரே காலத்தில் பிறந்தவை எனலாம்.

டெடி பாய்கள்

போருக்குப் பின் இலண்டனின் புகழ்பெற்ற தையற் கடைகள் நிறைந்த சாவில் ரோ தெருவில், மன்னர் ஏழாம் எட்வர்ட் காலத்து உடைப் பாணியைச் செல்வந்தருக்காக மீட்டெடுக்கும் முயற்சி நடந்தது. 1950களின் தொடக்கத்தில் இலண்டன் தொழிலாளர் பகுதி இளைஞர்கள் அப்பாணியைத் தமதாக்கிக் கொண்டனர். முழங்காலை நெருங்கும் நீண்ட கோட்டு, வெல்வெட் கழுத்துப்பட்டை, குழாய் போன்ற இறுக்கமான கால்சட்டை, தடித்த ரப்பர் அடியுள்ள காலணி, எண்ணெய் தடவி முன்னே தூக்கி வாரிய முடி ஆகியவை அவர்களின் அடையாளங்கள். எட்வர்ட் என்பதன் செல்லப் பெயரான டெடி என்பதிலிருந்து, 1953 அளவில் நாளிதழ்கள் அவர்களை டெடி பாய்கள் என்று அழைத்தன.

உடை முதலில் வந்தது. இசை பின்னரே வந்து சேர்ந்தது. அமெரிக்க ராக் அண்ட் ரோல் இசை 1955–56இல் பிரித்தானியாவை எட்டியபோது டெடி பாய்கள் அதைத் தம் இசையாக ஏற்றனர். 1956இல் ராக் அரவுண்ட் த கிளாக் திரைப்படம் ஓடிய அரங்குகளில் இளைஞர்கள் எழுந்து ஆடினர். சில இடங்களில் இருக்கைகள் கிழிக்கப்பட்டன. சில நகராட்சிகள் அப்படத்தைத் தடை செய்தன.

மேட்டுக்குடியின் உடையை உழைக்கும் வீட்டுப் பிள்ளை அணிவது, தனக்கு விதிக்கப்பட்ட இடத்தை ஏற்க மறுக்கும் செயலாக இருந்தது. ஒத்துப்போதலின் ஆபத்தும் இக்குழுவிலேயே முதலில் வெளிப்பட்டது. 1958 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் இலண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் கரிபியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்கள் மீது வெள்ளை இளைஞர் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. அவற்றில் டெடி பாய்களும் பங்கேற்றனர். இத்தாக்குதல்களுக்காக ஒன்பது இளைஞர்களுக்குத் தலா நான்கு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பெரியவர்களின் ஒழுங்கை எதிர்ப்பதாகச் சொன்ன இளைஞர் சிலர், பெரியவர்களிடம் இருந்த இனவெறியை மட்டும் கேள்வியின்றி ஏற்றிருந்தனர். அவர்களின் உடை புதியது. உள்ளே இருந்த வெறுப்பு பழையது.

ஸ்கிஃபிள்: கையில் கிடைத்ததைக் கொண்டு இசை

டெடி பாய்களின் காலத்திலேயே ஸ்கிஃபிள் என்ற எளிய இசை வகையும் பரவியது. லோனி டோனிகன் பாடிய ராக் ஐலண்ட் லைன் என்ற பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாடல் 1956இல் பெரும் வெற்றி பெற்றது. இந்த இசைக்குத் தேவையானவை மிகக் குறைவு. மலிவான ஒரு கிட்டார். துணி தேய்க்கும் நெளிவுப் பலகை, அதைத் தட்ட விரலில் மாட்டும் தையல் உறை. காலித் தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கழியையும் கயிற்றையும் கட்டிச் செய்த மந்தர ஒலிக் கருவி. இசைப் பள்ளியும் ஆசிரியரும் இல்லாமலேயே நாடு முழுவதும் எண்ணற்ற சிறுவர் குழுக்கள் உருவாயின.

லிவர்பூலில் 1956இல் ஜான் லெனன் தொடங்கிய குவாரிமென் அவற்றுள் ஒன்று. 1957 ஜூலை 6 அன்று உல்டன் தேவாலயத் திருவிழாவில் அக்குழு வாசித்தபோது லெனனும் பால் மெக்கார்ட்னியும் அறிமுகமாயினர். அப்போது லெனனுக்கு 16 வயது, மெக்கார்ட்னிக்கு 15. ஜார்ஜ் ஹாரிசன் 1958இல் சேர்ந்தார். பின்னாளில் இக்குழுவே பீட்டில்ஸ் ஆயிற்று.

ஸ்கிஃபிள் குழுக்கள் ஏறத்தாழ அனைத்தும் ஒரே பாடல்களைப் பாடின. ஒரே பாணியைப் பின்பற்றின. நகலெடுத்தல் அங்கே வெட்கத்துக்குரியதாகக் கருதப்படவில்லை. பிறர் பாடலை வாசித்து வாசித்துக் கை பழகிய பின்னரே சொந்தப் பாடல் எழுதும் துணிவு வந்தது. ஒத்துப்போதல் தனித்தன்மைக்கு முதற்படியாகவும் அமையலாம் என்பதற்கு ஸ்கிஃபிள் தெளிவான சான்றாகும்.

மோட்கள்

1950களின் இறுதியில் இலண்டனில் நவீன ஜாஸ் இசையை விரும்பிய சிறு இளைஞர் வட்டம் தோன்றியது. நவீனம் என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே மோட் ஆகும். அவர்களில் சிலர் கிழக்கு இலண்டனின் தையல் தொழில் சார்ந்த யூதக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். துணியின் தரம், கோட்டின் பொத்தான் எண்ணிக்கை, பிளவின் அளவு ஆகியவற்றை அவர்கள் நுணுக்கமாக அறிந்திருந்தனர். இத்தாலிய வெட்டில் உடை தைத்துக்கொண்டனர். இந்தியச் சாலைகளிலும் நன்கு அறியப்பட்ட லாம்பிரெட்டா, வெஸ்பா ஸ்கூட்டர்கள் அவர்களின் வாகனங்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையும் ஜமைக்காவின் ஸ்கா இசையும் அவர்களின் விருப்பமாயின. சோஹோ பகுதியின் ஃபிளமிங்கோ, சீன் ஆகிய கிளப்புகளில் இரவு முழுவதும் ஆடினர். விழித்திருக்க ஆம்ஃபெட்டமின் மாத்திரைகளை உட்கொள்ளும் தீய பழக்கமும் பரவியது. அவற்றை அனுமதியின்றி வைத்திருப்பதை 1964ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது.

டவுன் என்ற ஆடவர் இதழ் 1962 செப்டம்பரில் இவர்களைப் பற்றிப் படங்களுடன் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதில் இடம்பெற்றவர்களுள் 15 வயதை எட்டவிருந்த மார்க் ஃபெல்ட் ஒருவர். பின்னாளில் அவர் மார்க் போலன் என்ற பெயரில் புகழ்பெற்ற பாடகரானார். மோட்களிடையே உடையில் முன்னோடியாக விளங்குபவர் 'முகம்' எனப்பட்டார். அவரைப் பார்த்து உடுத்துவோரைச் சற்றே இளக்காரமாக 'டிக்கெட்' என்றனர். முன்னோடி ஒன்றை அணிவார்; சில வாரங்களில் அனைவரும் அணிவர்; உடனே முன்னோடி அதைக் கைவிடுவார். தனித்தன்மைக்கான ஓயாத ஓட்டமே அங்கே குழுவின் பொது விதியாக இருந்தது.

தொலைக்காட்சியும் கடைத்தெருவும் இந்த ஓட்டத்தை விரைவுபடுத்தின. 1963 ஆகஸ்டில் தொடங்கிய ரெடி ஸ்டெடி கோ என்ற வெள்ளிக்கிழமை மாலை நிகழ்ச்சி, இலண்டன் கிளப்புகளின் நடனத்தையும் உடையையும் நாடெங்கும் கொண்டு சென்றது. கார்னபி தெருவில் ஜான் ஸ்டீபன் தொடர்ச்சியாகக் கடைகள் திறந்து இளைஞர் உடைகளை விற்றார். முன்பு தையற்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்ட உடை, இப்போது யாரும் வாங்கக்கூடிய ஆயத்த ஆடையாயிற்று.

இந்த முரணுக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பீட் மீடன் என்ற மோட் ஆர்வலர் 1964இல் த ஹூ இசைக்குழுவின் பெயரை ஹை நம்பர்ஸ் என்று மாற்றி, மோட்களுக்கென்றே ஓர் இசைத்தட்டு வெளியிடச் செய்தார். அதிலிருந்த பாடல் ஒன்றின் நாயகன் தானே 'முகம்' என்று பெருமை பேசுகிறான். அப்பாடலின் இசையோ அமெரிக்க புளூஸ் பாடகர் ஸ்லிம் ஹார்ப்போவின் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. தட்டு விற்கவில்லை. குழு மீண்டும் தன் பழைய பெயருக்குத் திரும்பியது. கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் எழுதிய சொந்தப் பாடல்களே 1965 முதல் அதற்கு நிலையான புகழைத் தேடித் தந்தன.

1964: கடற்கரை மோதல்களும் செய்தித்தாள்களும்

தோல் மேலங்கி அணிந்து, மோட்டார் சைக்கிள் ஓட்டி, 1950களின் ராக் அண்ட் ரோல் இசையைப் போற்றியவர்கள் ராக்கர்கள். 1964 ஈஸ்டர் விடுமுறையில் கிளாக்டன் கடற்கரை ஊரில் கூடிய இளைஞர்களிடையே கைகலப்பு நடந்தது. எண்பது ஆண்டுகளில் இல்லாத குளிர், கடைகள் பல மூடியிருந்தன, பொழுதுபோக்க வழியில்லை. சில கண்ணாடிகள் உடைந்தன. சுமார் 100 பேர் கைதாயினர். மறுநாள் செய்தித்தாள்கள் ஊரே சூறையாடப்பட்டது போல் எழுதின. மே மாத விடுமுறையில் மார்கேட், பிரைட்டன் ஆகிய ஊர்களில் பெருங்கூட்டம் திரண்டது; மோதல்கள் மீண்டும் நடந்தன.

சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹன் இந்நிகழ்ச்சிகளை ஆராய்ந்து 1972இல் ஃபோக் டெவில்ஸ் அண்ட் மாரல் பேனிக்ஸ் என்ற நூலை வெளியிட்டார். கிளாக்டனில் ஏற்பட்ட பொருட்சேதம் சில நூறு பவுண்டுகளே என்று அவர் காட்டினார். செய்திகள் நிகழ்வை ஊதிப் பெருக்கியதோடு, மோட், ராக்கர் என்ற இரு பிரிவுகளுக்கு இடையிலான பகையையும் கூர்மையாக்கின என்பது அவர் முடிவு. முன்பு பக்கம் சேராதிருந்த சிறுவர்கள், செய்தித்தாளைப் பார்த்தே தாம் எந்தப் பக்கம் என்று தீர்மானித்தனர். இளைஞர்களைக் கண்டு அஞ்சிய சமூகமே அவர்கள் அணிய வேண்டிய முகமூடியையும் செய்து கொடுத்தது.

ஒரே உடை, இரு பொருள்: ஸ்கின்ஹெட்கள்

மோட்களில் உடைச் செலவைத் தாங்க முடியாத, சற்று முரட்டுத்தனமான பிரிவினரிடமிருந்து 1960களின் இறுதியில் ஸ்கின்ஹெட்கள் தோன்றினர். ஒட்ட வெட்டிய முடி, கனத்த பூட்ஸ், கால்சட்டையைத் தாங்கும் தோள்வார் என உழைப்பாளியின் தோற்றமே அவர்களின் அலங்காரம். அவர்கள் விரும்பிக் கேட்டது ஜமைக்காவின் ஸ்கா, ரெக்கே இசை. கரிபியக் குடும்பத்து இளைஞர்களோடு ஒரே நடன அரங்கில் ஆடிய அவர்களில் சிலர், 1969–70 ஆண்டுகளில் தெற்காசியக் குடியேறிகளைத் தெருவில் தாக்கவும் செய்தனர். 1970களின் பிற்பகுதியில் நேஷனல் ஃபிரண்ட் என்ற இனவெறிக் கட்சி ஸ்கின்ஹெட்களிடையே ஆள் சேர்த்தது.

இதே உடையை மறுபக்கத்தினரும் அணிந்தனர். 1979இல் கோவென்ட்ரி நகரில் ஜெர்ரி டாமர்ஸ் தொடங்கிய டூ டோன் நிறுவனம், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்த த ஸ்பெஷல்ஸ் போன்ற குழுக்களின் இசைத்தட்டுகளை வெளியிட்டது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அந்நிறுவனத்தின் சின்னம். பழைய ஸ்காவும் பங்க் இசையின் வேகமும் கலந்த அவ்விசை, வேலையின்மை, இனவெறி ஆகியவற்றைப் பேசியது. அந்த இசையரங்குகளுக்கு ஸ்கின்ஹெட்களும் வந்தனர். தலைமுடியையும் பூட்ஸையும் பார்த்து ஒருவரின் உள்ளத்தை அறிய முடியாது என்பதை இக்காலம் நன்கு உணர்த்தியது.

பங்க்: கடையும் கைத்தொழிலும்

1970களின் நடுவில் பிரித்தானியாவில் விலைவாசியும் வேலையின்மையும் உயர்ந்தன. ராக் இசை பெரும் அரங்குகளுக்கும் விலையுயர்ந்த கருவிகளுக்கும் உரியதாகிவிட்டது. இச்சூழலில் பங்க் எழுந்தது. அதற்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு எனலாம்.

ஒன்று, கடை. இலண்டன் கிங்ஸ் சாலை 430ஆம் எண் கட்டடத்தில் மால்கம் மெக்லாரனும் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் 1971 முதல் உடைக்கடை நடத்தினர். முதலில் அங்கே டெடி பாய்களுக்கான உடை விற்கப்பட்டது. 1975இல் அமெரிக்காவில் தங்கியிருந்த மெக்லாரன், நியூயார்க் இசைக்கலைஞர் ரிச்சர்ட் ஹெல்லின் கிழிந்த சட்டையையும் குத்திட்ட முடியையும் கண்டு, அத்தோற்றத்தை இலண்டனுக்குக் கொண்டு வந்தார். கடையைச் சுற்றி வந்த இளைஞர்களைக் கொண்டு செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு அமைந்தது. 1975 நவம்பர் 6 அன்று செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் அதன் முதல் நிகழ்ச்சி நடந்தது. 1976 டிசம்பர் 1 அன்று நேரடித் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குழுவினர் கெட்ட வார்த்தைகள் பேசியதால் நாடே கொதித்தது. அரசியின் வெள்ளி விழா ஆண்டான 1977இல் அவர்கள் வெளியிட்ட காட் சேவ் த குவீன் பாடலை பிபிசி தடை செய்தது. ஆயினும் அது விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது.

மற்றொன்று, வீட்டு மேசை. இலண்டன் டெப்ட்ஃபோர்டு பகுதியைச் சேர்ந்த இளம் வங்கி எழுத்தர் மார்க் பெரி, 1976 ஜூலையில் ஸ்னிஃபின் குளூ என்ற ரசிகர் இதழைத் தட்டச்சு செய்து, தலைப்புகளைக் கையால் எழுதி, ஒளிநகல் எடுத்து வெளியிட்டார். வாசகர்கள் தங்கள் சொந்த இதழ்களைத் தொடங்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சைட்பர்ன்ஸ் என்ற இன்னொரு இதழ், கிட்டாரில் விரல் வைக்க வேண்டிய மூன்று சுரக்கூட்டுகளை மட்டும் படமாக வரைந்து, உடனே ஒரு குழுவைத் தொடங்குமாறு வாசகரைத் தூண்டியது.

1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் நிகழ்ச்சியை ஹோவர்ட் டெவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரு மாணவர்கள் ஏற்பாடு செய்தனர். வந்தவர்கள் சில பத்துப் பேரே. ஆனால் அவர்களுள் பீட்டர் ஹூக், பெர்னார்ட் சம்னர் போன்றோர் இருந்தனர். பின்னர் ஜாய் டிவிஷன் குழுவை உருவாக்கியவர்கள் அவர்கள். டெவோட்டோவும் ஷெல்லியும் தங்கள் பஸ்காக்ஸ் குழுவுக்காக சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1977 ஜனவரியில் ஸ்பைரல் ஸ்க்ராட்ச் என்ற தட்டைத் தாங்களே வெளியிட்டனர். முதலில் அச்சிட்ட 1,000 படிகள் விரைவில் தீர்ந்தன. அதே ஆண்டில் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற குழு, தங்கள் முதல் தட்டின் 500 படிகளுக்கு ஆன செலவு 153 பவுண்டு என்ற கணக்கை உறையிலேயே அச்சிட்டது. இசைத்தட்டு வெளியிடுவது பெருநிறுவனங்களால் மட்டுமே ஆகக்கூடிய காரியம் என்ற எண்ணம் இதனால் உடைந்தது.

சீருடை ஆன கிளர்ச்சி

கடையிலிருந்து பிறந்த பங்க் விரைவில் கடைக்கே திரும்பியது. 1977இலேயே ஆடை வடிவமைப்பாளர் சாண்ட்ரா ரோட்ஸ், கிழிசலும் ஊக்கும் கொண்ட விலையுயர்ந்த உடைகளை உருவாக்கினார். அதே ஆண்டின் தொடக்கத்தில் த கிளாஷ் குழு சிபிஎஸ் என்ற பெருநிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. அந்த நாளே பங்க் இறந்த நாள் என்றார் மார்க் பெரி. 1980களில் நிமிர்த்திய வண்ண முடியுடன் நிற்கும் பங்க் இளைஞரின் படம், இலண்டன் சுற்றுலா அஞ்சல் அட்டைகளில் சிவப்புப் பேருந்துக்கு அருகே இடம்பிடித்தது. மோட்களும் இதற்குத் தப்பவில்லை. குவாட்ரோஃபீனியா திரைப்படம் வந்த 1979இல், நவீனம் என்று பெயர் சூடிய பாணியை இளைஞர்கள் பதினைந்து ஆண்டு பழைமையோடு அப்படியே நகலெடுத்தனர்.

பங்க் இளைஞர்களுள் சிலர் இந்தச் சீருடையைத் தொடக்கத்திலேயே கேள்விக்கு உட்படுத்தினர். பாலி ஸ்டைரீன் என்ற மேடைப் பெயர் கொண்ட மரியான் எலியட் அவர்களுள் ஒருவர். சோமாலியத் தந்தைக்கும் ஸ்காட்டிய-ஐரிஷ் மரபுத் தாய்க்கும் 1957இல் பிறந்தவர். செக்ஸ் பிஸ்டல்ஸ் நிகழ்ச்சியைக் கண்ட பின் இதழில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்து, எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் குழுவைத் தொடங்கினார். பங்க் குழுக்களில் காணப்படாத சாக்ஸஃபோனை அவர் சேர்த்தார்; முதலில் அதை வாசித்தவர் ஒரு பள்ளி மாணவி. பற்களில் கம்பியும், பளிச்சென்ற வண்ணங்களில் விசித்திர உடையுமாக மேடையேறினார். விளம்பரங்கள் மனிதரின் அடையாளத்தையே விற்பனைப் பொருளாக்குவதைப் பற்றி அவர் பாடினார்; 1978இல் வெளிவந்த ஜெர்ம்ஃப்ரீ அடோலசென்ட்ஸ் தொகுப்பின் முக்கியக் கருப்பொருள் அதுவே. த ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழு 1976இல் தொடங்கியபோது அதன் பாடகி ஆரி அப்புக்கு வயது 14.

ஒத்துப்போதலின் நல்ல பயனும் இக்காலத்தில் வெளிப்பட்டது. 1976 ஆகஸ்டில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மேடையில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியதைக் கண்டித்து ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம் இயக்கம் தோன்றியது. 1978 ஏப்ரல் 30 அன்று பல்லாயிரக்கணக்கானோர் டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்காவுக்கு ஊர்வலமாகச் சென்றனர். அங்கே த கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் ஆகிய குழுக்களும், ஸ்டீல் பல்ஸ் என்ற ரெக்கே குழுவும் வாசித்தன. இருபது ஆண்டுகளுக்கு முன் நாட்டிங் ஹில்லில் கூட்டத்தோடு சேர்ந்து கல்லெறிந்தவர்களும் இளைஞர்களே. இப்போது கூட்டத்தோடு சேர்ந்து இனவெறியை மறுத்தவர்களும் இளைஞர்களே.

ஆய்வாளர்களின் விளக்கங்கள்

ஜெர்மன் சமூகவியலாளர் ஜியார்க் சிம்மல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நாகரிகப் பாணியைப் பற்றி ஆராய்ந்தார். பிறரோடு ஒன்றியிருக்கும் ஆசை, பிறரிடமிருந்து வேறுபடும் ஆசை ஆகிய இரண்டையும் பாணி ஒரே நேரத்தில் நிறைவேற்றுகிறது என்பது அவர் கருத்து.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964இல் ரிச்சர்ட் ஹோகார்ட் நிறுவிய தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையம், பின்னர் ஸ்டூவர்ட் ஹால் தலைமையில் இக்குழுக்களை விரிவாக ஆராய்ந்தது. தொழிலாளர் வர்க்க இளைஞர்கள் தங்கள் வாழ்க்கைச் சிக்கல்களுக்குக் குறியீட்டு முறையில் தேடிக்கொண்ட விடையே துணைப்பண்பாடு என்பது அம்மைய ஆய்வாளர்களின் பொதுப் பார்வை. டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய நூல், எதிர்ப்பின் அடையாளங்கள் விற்பனைப் பொருள்களாக மாறும் விதத்தை விளக்கியது. ஆஞ்செலா மெக்ராபி, ஜென்னி கார்பர் ஆகியோர் தெருவிலிருந்த ஆண்பிள்ளைகளையே ஆய்வுகள் கண்டன என்று சுட்டிக்காட்டினர். வெளியே சுற்ற அனுமதி குறைந்த பெண்பிள்ளைகள், தோழியரோடு வீட்டு அறையில் இசைத்தட்டு கேட்டுத் தங்களுக்கென ஓர் உலகை அமைத்திருந்தனர். சாரா தார்ன்டன் 1995இல் வேறொரு திருத்தம் செய்தார். ஊடகங்கள் தூய்மையான இளைஞர் பண்பாட்டைப் பின்னால் வந்து கெடுப்பதில்லை. தொடக்கம் முதலே அதன் உருவாக்கத்தில் அவை பங்கு பெறுகின்றன என்றார்.

பிற்காலத் தொடர்ச்சி

பங்க் முன்வைத்த 'நீயே செய்' என்னும் நெறி அடுத்த தலைமுறையினரிடமும் தொடர்ந்தது. மாயா என்று அழைக்கப்படும் மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிறுவயதைக் கழித்து, போரினால் அகதியாக மீண்டும் இலண்டன் சென்ற ஈழத் தமிழர். செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரி இணைப்புக்குப் பின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் ஆனது. அவர் கலை பயின்றது அங்கேதான். முறையான இசைப் பயிற்சியின்றி, ஒரு மின்னணுத் தாளக் கருவியைக் கொண்டு பாடல் அமைக்கத் தொடங்கி, எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் அருளர் தொகுப்பை வெளியிட்டார். 2007இல் வந்த கலா தொகுப்பிலுள்ள பேப்பர் பிளேன்ஸ் பாடல், த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் இசைத்துணுக்கின் மீது கட்டப்பட்டது. இரவல் வாங்கிய இசையின் மேல், குடியேறிகளின் அனுபவத்தைத் தன் குரலில் அவர் அமைத்தார்.

மதிப்பீடு

இவ்வரலாற்றில் முழுக்க முழுக்கப் புதிதாகப் பிறந்த பாணி என்று எதையும் காட்ட இயலாது. டெடி பாயின் கோட்டு செல்வந்தருடையது. மோட்டின் உடை இத்தாலிக்கும் இசை அமெரிக்காவுக்கும் உரியது. ஸ்கின்ஹெட்டின் இசை ஜமைக்காவிலிருந்து வந்தது. பங்க் இளைஞரின் கிழிசல் நியூயார்க்கில் தொடங்கியது. கடன் வாங்குவது இளையோர் பண்பாட்டின் குறை என்பதைவிட அதன் இயல்பு என்பதே பொருந்தும்.

வேறுபாடு அடுத்த படியில்தான் தோன்றுகிறது. தோற்றத்தை வாங்கிக்கொண்டதோடு நின்றவர்கள், அத்தோற்றம் மலிந்ததும் அடுத்ததைத் தேட நேர்ந்தது. தேயிலைப் பெட்டியைக் கருவியாக்கியவர்களும், இதழை ஒளிநகல் எடுத்தவர்களும், கடன் வாங்கித் தட்டு வெளியிட்டவர்களும் அழியாத ஒன்றை விட்டுச் சென்றனர். ஆனால் அவர்களும் தனியாக நின்று அதைச் செய்யவில்லை. ஒரே மாதிரி உடுத்திய கூட்டம் இருந்ததால்தான் கேட்பவரும், வாங்குபவரும், துணிவு கொடுக்கும் தோழரும் கிடைத்தனர். 15 வயதுப் பிள்ளைக்கு ஒரு குழுவின் உடை பல நேரங்களில் அடைக்கலமாகவும் உள்ளே நுழையும் வாயிலாகவும் இருந்தது.

ஆகவே இளையோர் குழு ஒன்றைப் பார்க்கும் பெற்றோரும் ஆசிரியரும் அவர்கள் எப்படி உடுத்துகிறார்கள் என்பதைவிட, கூடி என்ன செய்கிறார்கள், யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள், யாரை விலக்குகிறார்கள் என்பதைக் கவனிப்பது பயனுள்ளது. 1958இன் நாட்டிங் ஹில் தெருக்களுக்கும் 1978இன் விக்டோரியா பூங்காவுக்கும் இடையே உள்ள தொலைவை, அக்கேள்விகளைக் கொண்டே அளக்க முடியும்.